வாய் நிறையப் பிள்ளைகள்

சூசை ஒரு பருப்பு வடையைத் தின்றான். எழுபத்திரண்டு முட்டைகள் நசுங்கிப் போயின.

அது ஒன்பதாம் நாள். கோயில் முக்கு டீக்கடையில் அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்த வடை. சூசை அதை வாயில் போட்டு இரண்டு தடவைதான் மென்றான். ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, கடல் ஆய்வு நிலையத்தின் தகரக் கொட்டகையில், கண்ணாடித் தொட்டிக்குள் கிடந்த அவனுடைய வாய்ப்பெட்டியும் இரண்டு தடவை மென்றது. தொட்டித் தண்ணீர் மஞ்சளாகக் கலங்கியது.

ஓடி வந்தவன் தொட்டியைப் பார்த்துவிட்டுக் கழுத்துப் பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தான். "வாய் சும்மா இருக்க மாட்டேங்குது டாக்டரு" என்று சொல்லி அழுதான். ஐம்பது வயது ஆள். புயலில் படகு கவிழ்ந்து பதினெட்டு மணி நேரம் மிதந்து கரை வந்தவன். ஒரு வடைக்கு அழுவான் என்று யாரும் நினைத்திருக்கவில்லை.

பார்த்துக்கொண்டு நின்ற நாலு பேரில் ஒருவன் ரெமிஜியுஸ். ஊரில் ரெமி. அவன் கழுத்திலும் பட்டை இருந்தது. அவன் பெட்டியில் தொண்ணூற்றாறு முட்டைகள் இருந்தன. அன்றைக்கு அவன் பல்லை இறுக்கிக் கடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான். பாதி வழியில்தான் பல்லைக் கடித்தாலும் ஆபத்து என்று உறைத்தது.

சங்குமுனைக் கடலில் கெளுத்தி இல்லாமல் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது.

கெளுத்தியைப் பற்றி யாரும் பெருமை பேசியதில்லை. செதில் கிடையாது, அழகு கிடையாது. கரையை ஒட்டிய சேற்றில் மேய்கிற மீன். மீசையால் தரையைத் தடவித் தடவிப் போய்ப் புழு, நண்டுக்குஞ்சு, செத்தது, அழுகியது எல்லாவற்றையும் தின்னும். முதுகில் ஒரு முள், இரண்டு பக்கமும் இரண்டு முள். குத்தினால் தோள்பட்டை வரை கடுக்கும். வலை ஏறியதும் கட்டையால் அடித்து முள்ளை ஒடிப்பதுதான் முதல் வேலை. விலை போகாத மீன். இல்லாதப்பட்டவன் வீட்டுக் குழம்பு.

அது போன பிறகுதான் அது என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. அடியில் அழுகிக் கிடப்பதைத் தின்ன ஆள் இல்லை. சேறு கறுத்தது. வலையைத் தூக்கினால் சாக்கடை நாற்றம். நண்டு விலகிப் போனது, இறால் விலகிப் போனது. வலை நிறைய, தொட்டால் அரிக்கிற சொறி மீன்தான் வந்தது. பாதிப் படகுகள் கரையேறிவிட்டன.

ஏன் போனது என்பதற்கான பதில் விசைப்படகில் வேலை பார்த்த எல்லோர் கையிலும் இருந்தது, ரெமி கையிலும் இருந்தது. படகில் கெளுத்திக்கு முட்டைக்கள்ளன் என்று பெயர். சீசனில் வலை ஏறும்போது அதன் வாயில் கோலிக்குண்டு பருமனுக்கு முட்டைகள் நிறைந்திருக்கும். கண்டதையும் தின்கிற மீன், வேறு ஏதோ மீனின் முட்டையைத் திருடித் தின்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள். தொண்டைக்கடியில் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து. பொலபொலவென்று கொட்டும். வாளியில் பிடித்து, வெங்காயமும் வற்றலும் போட்டு வதக்கிப் படகிலேயே சாப்பிடுவார்கள். இருபது வருடம் ரெமி அதைச் செய்தான். திருடனிடமிருந்து பிடுங்குகிறோம் என்ற நினைப்பில் செய்தான்.

"அது திருடன் இல்ல அண்ணாச்சி. அப்பன்" என்றாள் செண்பகவல்லி, வேலைக்கு ஆள் எடுத்த அன்று.

அவள் நிலையத்தின் விஞ்ஞானி. கோவில்பட்டிக்காரி. கடலே இல்லாத ஊரிலிருந்து வந்து கடலைப் பற்றிச் சொல்கிறாள் என்று ஊரில் அவளுக்கு ஏற்கெனவே கெட்ட பெயர்.

"அப்பனா?"

"பொட்டை முட்டை போட்டுட்டுப் போயிரும். ஆண் அதை வாய்க்குள்ள அள்ளி வச்சுக்கிடும். ரெண்டு மாசம். முட்டை பொரிஞ்ச பிறகும் வெளிய விடாது, குஞ்சுக்கு மஞ்சக்கரு தீருத வரைக்கும் வச்சிருக்கும். அதுவரைக்கும் ஒரு வாய் தின்னாது. தின்னா பிள்ளையத்தான விழுங்கணும்?"

ரெமி தன் கட்டைவிரலைப் பார்த்தான்.

"எத்தனை நாளு பட்டினி கெடக்கும்?"

"அறுபது நாள். வாய் நிறைய வச்சிக்கிட்டு ஓடவும் முடியாது. அதான் விசைப்படகு இழுக்குத மடி வலையில மொதல்ல மாட்டுனதே அதுக."

மேசையில் ஒரு பெட்டி இருந்தது. இளஞ்சிவப்பு ரப்பரில் செய்த வாய். உள்ளே மெத்தென்ற அண்ணம், நாக்கு, இரண்டு பக்கமும் செவுள் மாதிரிக் கீற்று. பார்க்க அருவருப்பாக இருந்தது. அதோடு சேர்ந்தது ஒரு பட்டை. கழுத்திலும் தாடைக்கடியிலும் கட்டிக்கொண்டால், கட்டியவனின் மூச்சு, விழுங்கல், நாக்கின் அசைவு எல்லாம் பெட்டிக்குப் போகும். பெட்டி அதே மாதிரி அசைந்து முட்டைகளைப் புரட்டும்.

"இதுக்கு மனுசன் எதுக்கு? கம்ப்யூட்டர் இருக்குல்லா?"

"மூணு வருசம் அதை வச்சிப் பாத்தாச்சு. ஒரே சீராச் சுத்தும். சீராச் சுத்துனா தண்ணி அசையாத இடம்னு ஒண்ணு எப்பவும் அதே இடத்துல இருக்கும். பூஞ்சை அங்கன வந்து உக்காந்துக்கிடும். பன்னெண்டாம் நாள் எல்லாம் அழுகிரும். சரி, தாறுமாறா சுத்துன்னு சொல்லிப் பாத்தோம். முட்டையை உடைச்சிருச்சு."

"கெளுத்தியையே புடிச்சி வச்சா?"

"வேற கடல்லருந்துதான் முட்டையும் மீனும் கொண்டாறோம். மீனத் தொட்டிக்குள்ள போட்டா பயத்துல துப்பிரும், இல்ல விழுங்கிரும். முட்டை எப்படிக் கெடக்குன்னு உணரணும், உணர்ந்து புரட்டணும். உசுருள்ள உடம்பு ஒண்ணு வேணும். வேற வழி இல்லாமத்தான் உங்க ஆள்கள கூப்பிட்டிருக்கோம்."

அறுபது நாளும் முழுதாக இருந்தால் நிலையத்தில் நிரந்தர வேலை என்றார்கள். ரெமிக்கு நாற்பத்தெட்டு வயது. படகு வேலை போன பிறகு உப்பளத்தில் வெயிலில் நின்றுகொண்டிருந்தான். அவன் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தபோது, செண்பகவல்லி சோதனைக்குக் கட்டியிருந்த பட்டை வழியே திரையில் அவன் மூச்சைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

"என்ன அண்ணாச்சி, மூணு மூச்சுக்கு ஒருக்க நிக்குது?"

"வலை இழுக்குத விஞ்ச்சுக் கம்பி அடிச்சுது. விலா ரெண்டு முறிஞ்சி கோணலாச் சேந்துட்டு. மூணு ஒழுங்கா வரும். நாலாவதுக்கு ஒரு பிடி பிடிச்சிட்டு வரும்."

"இது முட்டைக்கு ஆகுமான்னு தெரியலையே."

"எனக்கு ஆயிருக்கே. பதினேழு வருசமா."

வேறு ஆளும் கிடைக்கவில்லை. எடுத்துக்கொண்டாள்.

சட்டம் மூன்றுதான். மெல்லக் கூடாது. கஞ்சித்தண்ணி, இளநீர், பழச்சாறு மட்டும், குழல் வைத்து, நாக்கை அசைக்காமல் விழுங்கலாம். பேசலாம், வாயை அகலத் திறக்காமல், ஒரு நேரத்துக்கு நாலு வார்த்தைக்கு மேல் போகாமல். பட்டையைக் கழற்றவே கூடாது. பெட்டியிலிருந்தும் சேதி வரும். காற்றுக் குறைந்தால் பட்டை தொண்டையை இறுக்கும். முட்டைகள் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டால் நாக்கடியில் அரிக்கும். அப்போது மூச்சை இழுத்து, நாக்கை மெல்ல உருட்ட வேண்டும். நாலு நாளில் யோசிக்காமலே அது வந்துவிட்டது. ஒரு வாரத்தில் தன் வாய் காலியாக இருக்கிறது என்பதே ரெமிக்கு மறந்துபோனது.

வீட்டில் அவன் மனைவி மெற்றில்டா மீன் வெட்டுகிறவள். இருபத்தைந்து வருடம் ஏலக்கூடத்தில் உட்கார்ந்து அடுத்தவர் மீனை அறுத்துக் கொடுத்திருக்கிறாள். மகள் ஜெனோவா, படகு பேட்டரி பழுது பார்ப்பவள், அப்பன் மீன் கதையை அம்மாவிடம் விளக்கிச் சொன்னாள்.

"இது எனக்குத் தெரியுமே" என்றாள் மெற்றில்டா.

"என்ன தெரியும்?"

"வாய்ல முட்டை வச்சிருக்குத கெளுத்திக்கு வயிறு காலியாத்தான் இருக்கும். குடல் நூலாட்டம் கெடக்கும். திருடித் தின்னவனுக்கு எங்கயாச்சும் குடல் காஞ்சி கெடக்குமா? நான் அப்பவே நெனச்சேன்."

"பொறவு ஏம்மா சொல்லல?"

"எவன் கேட்டான்? அறுக்கச் சொன்னான், அறுத்தேன்."

ரெமி அவளையே பார்த்தான். சொல்ல நிறைய இருந்தது. நாலு வார்த்தைக்குள் அது அடங்கவில்லை.

முப்பத்தோராம் நாள் காலைப் பூசையில் அவன் நின்றுகொண்டிருந்தபோது முட்டைகள் பொரிந்தன. நாக்கில் கற்கண்டுப் பொடி தூவியது போல் இருந்தது. பிறகு பொடி நகர்ந்தது. கோயிலை விட்டு வெளியே வந்து வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். நிலையத்திலிருந்து செண்பகவல்லி போனில் கத்தினாள்: "அண்ணாச்சி, தொண்ணூத்தி ரெண்டு! பன்னெண்டாம் நாளைத் தாண்டுனதே இல்ல நாங்க!"

நாற்பதாம் நாள் எடை பார்த்தாள். ஒன்பது கிலோ குறைந்திருந்தான். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. அஞ்சு பேரில் மூன்று பேர் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவள் பேனாவை மூடி மூடித் திறந்தாள்.

"இது மனுசனுக்குக் குடுக்குத வேலையான்னு எனக்கே தெரியல அண்ணாச்சி. வேணாம்னா சொல்லுங்க, நிறுத்திரலாம். உங்க மேல தப்பு வராம எழுதிக்கிடுதேன்."

"மடி இழுத்தப்ப எவனும் கேக்கல" என்றான் ரெமி.

இந்த நேரம் பார்த்துத்தான் ஜெனோவாவின் கல்யாணப் பேச்சு வந்தது.

பையன் டெல்வின். இரண்டு வருடமாக ஜெனோவாவுக்கும் அவனுக்கும் பழக்கம். அவனுடைய அப்பா கஸ்பார், ரெமி வேலை பார்த்த விசைப்படகின் டிரைவர். ரெமியின் விலாவை முறித்த விஞ்ச்சை, ஆள் விலகுவதற்கு முன் ஓட்டியவன் அவன்தான். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவனும் அவன்தான். ஆனால் ஒருநாளும் தன் தப்பு என்று சொன்னதில்லை. ரெமியும் கேட்டதில்லை. பதினேழு வருடமாக இரண்டு பேரும் கோயிலில் பார்த்தால் தலையை ஆட்டிக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

டெல்வினுக்குக் கப்பலில் வேலை. ஐம்பதாம் நாள் கிளம்ப வேண்டும். போனால் ஒன்பது மாதம் கழித்துத்தான் வருவான். அதனால் நாற்பத்தேழாம் நாள், சனிக்கிழமை மத்தியானம், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதென்று முடிவானது. போவதில் ஒன்றுமில்லை. சாப்பிடுவதில்தான் இருக்கிறது. அந்த வீட்டில் சோறு தின்றால் சம்பந்தம் சம்மதம். தின்னாமல் எழுந்தால் வேண்டாம் என்று சொன்னதாக அர்த்தம். அதற்குமேல் யாரும் வாய் திறந்து கேட்க மாட்டார்கள்.

மெற்றில்டா முன்கூட்டியே ஆள் விட்டாள். இவருக்குக் கஞ்சித்தண்ணிதான், கோவிச்சுக்கிடாதிய என்று. கஸ்பாரிடமிருந்து பதில் வந்தது: "சம்பந்தம் பேசுத அன்னைக்கி எங்க வீட்ல கஞ்சி ஊத்தவா? ஒரு நேரம் அந்த நாய்ப்பட்டையக் கழத்தி வச்சிட்டு வரமாட்டானாமா?"

"ஒரே ஒரு கவளம்" என்றாள் மெற்றில்டா கணவனிடம். "பருப்பும் நெய்யும் ஊத்திக் குழையப் பெசைஞ்சி வைக்கேன். மெல்ல வேண்டாம். அப்படியே உள்ள தள்ளிருங்க. தொண்டையில இறங்குனா போதும், எல்லாரும் பாத்துருவாவ. அவ ஆசைப்பட்ட பையன்."

ரெமி தலையாட்டினான். செய்துவிடலாம் என்றுதான் நினைத்தான்.

கஸ்பார் வீட்டுக் கூடத்தில் இலை போட்டார்கள். கதவுக்கு மேலே ஒரு கெளுத்தி மண்டையோடு ஆணியில் தொங்கியது. அடிப்பக்கம் பார்த்தால் சிலுவையில் கைவிரித்த உருவம் மாதிரி இருக்கும் என்று பழைய படகுக்காரர்கள் அதை மாட்டி வைப்பார்கள். ஆட்டினால் உள்ளே காதுக்கல் இரண்டும் கடகடக்கும். ரெமி அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தான்.

சீலா மீன் குழம்பு, கணவாய் வறுவல், இறால் தொக்கு. சொறி மட்டும் வருகிற காலத்தில் இதையெல்லாம் எங்கிருந்து பிடித்தானோ. கஸ்பார் தானே கரண்டியைப் பிடித்து ரெமி இலையில் சோறு வைத்தான். இலைக்கு எதிரே டெல்வின் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தான். ஜெனோவா அம்மாவுக்குப் பக்கத்தில்.

"சாப்பிடுல" என்றான் கஸ்பார். சத்தம் முரடாக இருந்தது, ஆனால் இன்னொரு கரண்டி சோறு வைத்தான்.

மெற்றில்டா இலைக்குக் குறுக்கே கையை நீட்டி ஒரு கவளத்தைக் குழைத்துக் கொடுத்தாள். ரெமி அதை வாங்கினான். உதட்டருகே கொண்டுபோனான். வாயைத் திறந்தான். அந்தக் கணம் நாக்குமேல் கிடந்தவை எல்லாம் ஒன்றாக அசைந்தன. திறந்த வாய்க்குள் வெளிச்சம் வந்துவிட்டது அவற்றுக்கு. சிதறித் தொண்டைப் பக்கம் ஓடின. சோற்றை உள்ளே தள்ளினால் எது எதோடு போகும் என்று அவனுக்குத் தெரிந்தது. அவை தன் வாயில் இல்லை, ரப்பர் பெட்டியில் இருக்கின்றன என்பதும் தெரிந்தது. அது உதவவில்லை.

அவன் வாயை மூடினான். கவளத்தை இலையில் வைத்தான்.

மெற்றில்டா "அவுகளுக்கு வயித்துக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

கஸ்பார் கரண்டியைச் சட்டியில் போட்டான். "பதினேழு வருசம் மனசுல வச்சிருந்திருக்கான். இன்னைக்கி, எம் பய இலையில உக்காந்திருக்கும்போது, விலா எலும்புக்குக் கணக்குத் தீக்கான். ஏல ரெமி, நேரா கேட்டிருந்தா கால்ல விழுந்திருப்பனேல!"

ரெமி தலையை ஆட்டினான். இல்லை, இல்லை என்று.

"பொறவு என்னலே?"

"வாய்ல பிள்ளைய இருக்கு."

"எவன் பிள்ள?"

ரெமிக்கு வார்த்தை தீர்ந்துபோயிருந்தது. ஜெனோவா எழுந்தாள். போனை எடுத்துக் கஸ்பார் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இங்க பாருங்க மாமா. இது எங்க அப்பா வாய். இப்ப, இந்த நிமிசம்."

திரையில் இளஞ்சிவப்பு வாய்க்குள் தொண்ணூற்று இரண்டு குஞ்சுகள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் மஞ்சள் பை. கறுப்புப் புள்ளியாகக் கண். மீசை முளைக்க ஆரம்பித்திருந்தது. வாய் மெல்ல உப்பியது, அடங்கியது. குஞ்சுகள் புரண்டன.

"அப்பா, மூச்சு விடுங்க."

ரெமி மூச்சு விட்டான். பெட்டியும் விட்டது. கஸ்பார் இலையைத் தாண்டி வந்து, ஒரு கண்ணைப் போனிலும் ஒரு கண்ணை ரெமியின் நெஞ்சிலும் வைத்துப் பார்த்தான். ஒன்று. இரண்டு. மூன்று. நின்றது. பிறகு நாலு.

"அது என்னட்டி, நடுவுல நிக்குது?"

"அது உங்களுக்குத் தெரியாதா மாமா?" என்றாள் ஜெனோவா.

கஸ்பார் வெகுநேரம் திரையைப் பார்த்தான். நாற்பது வருடத்தில் எத்தனை வாளி முட்டை என்று அவன் நினைத்தானா, விஞ்ச்சை நினைத்தானா, தெரியாது. பிறகு குனிந்து ரெமியின் இலையை இருபக்கமும் மடித்து மூடினான்.

"எவனும் சாப்பிட வேண்டாம். அவன் என்னைக்கித் திங்கானோ அன்னைக்கித்தான் இந்த வீட்ல பேச்சு."

"எனக்குக் கப்பல் செவ்வாக்கிழமப்பா" என்றான் டெல்வின்.

"போயிட்டு வாலே. கெளுத்தி அறுபது நாள் சும்மா கெடக்கு. உனக்கு ஒம்போது மாசம் ஆகாதோ?"

அதைச் சொல்வது அவனுக்கு லேசு. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஜெனோவா எல்லோருக்கும் முன்னால் வேகமாக நடந்தாள். முடிவாகாத பேச்சோடு பையன் கப்பலேறுகிறான். ஒன்பது மாதத்தில் எத்தனையோ நடக்கும். தெருமுக்கில் ரெமி அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"கழத்திரவா? சொல்லு."

அவள் அப்பாவின் ஒட்டிய கன்னத்தைப் பார்த்தாள். "கழத்துனா உங்களக் கொன்னுருவேன்" என்றாள். பிறகுதான் அழுதாள்.

அறுபத்தோராம் நாள் காலையில் கஸ்பாரின் பேட்டரிப் படகில் பெட்டிகளைக் கொண்டுபோனார்கள். அவனே வந்து கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. அஞ்சில் இரண்டு பெட்டிதான் கரை சேர்ந்திருந்தது. ரெமியின் குஞ்சுகள் தொண்ணூற்றொன்று. ஒவ்வொன்றின் கன்னத்திலும் செண்பகவல்லி ஊசி முனையால் ஒரு நீலப் புள்ளி வைத்திருந்தாள். மற்றப் பெட்டிக்குச் சிவப்பு. நாலு ஆள் ஆழத்தில், சேற்றுத் திட்டுக்கு மேலே படகை நிறுத்தினார்கள். பெட்டியைத் தண்ணீருக்குள் இறக்கினார்கள்.

"அண்ணாச்சி, இப்ப வாயைத் திறங்க. நல்லா."

ரெமி திறந்தான். அறுபது நாள் கழித்து, முழுதாக. வாய் காலியானது. ஒவ்வொன்றாகப் போனது தெரிந்தது. கடைசியாக ஒன்று நாக்கு நுனியில் நின்று யோசித்துவிட்டுப் போனது. செண்பகவல்லி பட்டையைக் கழற்றினாள். கழுத்தில் அதன் தடம் வெள்ளையாக இருந்தது.

கஸ்பார் தூக்குச்சட்டியைத் திறந்தான். சோறு, பருப்பு, பொரித்த மீன் ஒரு துண்டு. வீட்டிலிருந்து கொண்டுவந்தது.

"இதுவும் எங்க வீட்டுச் சோறுதான். திங்கியா?"

ரெமி ஒரு கவளத்தை எடுத்து வாயில் வைத்தான். வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். தாடை அசையவில்லை. கன்னம் உப்பியிருந்தது. நாக்கு மட்டும் உள்ளே சோற்றை மெதுவாக, யாருக்கும் வலிக்காமல், உருட்டிக்கொண்டிருந்தது.

"மெல்லுல" என்றான் கஸ்பார். "முள்ளெல்லாம் எம் பொண்டாட்டி எடுத்துட்டுத்தான் வச்சிருக்கா."

ரெமி சிரித்துவிட்டான். சோறு மூக்கில் ஏறியது. இருமினான். பிறகு மென்றான். கண்ணில் தண்ணீர் வந்தது. கஸ்பார் போனை எடுத்துக் கப்பலுக்கு அடித்தான். "ஏல டெல்வினு, தின்னுட்டான்!" என்று கடலுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினான்.

அதற்கப்புறம் மூன்று வருடம்.

இப்போது நிலையத்தில் ஒரு பெட்டிக்கு இரண்டு பேர். முறை போட்டுக் கட்டுகிறார்கள். தன் முறை முடிந்தவன் போய் வடை தின்னலாம். ஒருவன் கழுத்திலிருந்து இன்னொருவன் கழுத்துக்கு மாற்றும் வழியைக் கண்டுபிடிக்கச் சொல்லி நிலையத்தை நச்சரித்தவன் ரெமிதான். முதல் ஆளாக வந்து சேர்ந்தவன் சூசை. இன்றுவரை ஒரு பெட்டி கூட அவன் கையில் கெடவில்லை. சேறு இன்னும் முழுதாக வெளுக்கவில்லை. ஆனால் நண்டு திரும்பியிருக்கிறது. நாற்றம் குறைந்திருக்கிறது.

ஒரு காலையில் கஸ்பாரிடமிருந்து போன் வந்தது.

"ரெமி, டாக்டரம்மாவக் கூட்டிக்கிட்டுச் சேத்துத் திட்டுக்கு வா. சீக்கிரம்."

இருவரும் போனார்கள். படகின் நடுவே மீன் போடும் தொட்டியில் கடல்தண்ணீர் நிரப்பி வைத்திருந்தான். உள்ளே ஒரு கெளுத்தி. முழங்கை நீளம். தொண்டை பை மாதிரித் தொங்கியது.

"நண்டு வலையில மாட்டிட்டு. தூண்டில்ல வராதே, பட்டினியில்லா கெடக்கான்" என்றான் கஸ்பார். "தூக்குனேன். கட்டவெரலு தானாத் தொண்டைக்குப் போயிட்டு சம்பந்தி. நாப்பது வருசப் பழக்கம். அமுக்கப் போனவன், கன்னத்தப் பாத்துட்டேன்."

கன்னத்தில் நீலப் புள்ளி இருந்தது. மீன் பெரிதானதில் அதுவும் வளர்ந்து, கடுகளவு இருந்தது மிளகளவு ஆகியிருந்தது.

செண்பகவல்லி தண்ணீருக்குள் கேட்கிற மைக்கை எடுத்து மீன் பக்கத்தில் இறக்கினாள். சின்ன ஸ்பீக்கரில் முதலில் தண்ணீர்ச் சத்தம். பிறகு, கால்சட்டைப் பையில் கோலிக்குண்டு உரசுவது போல ஒரு சத்தம். மீன் முட்டைகளைப் புரட்டுகிறது.

புரட்டியது. புரட்டியது. புரட்டியது. நின்றது.

மூன்று பேரும் ஸ்பீக்கரை நோக்கிக் குனிந்தார்கள்.

புரட்டியது.

"மறுபடியும் கேளுங்க" என்றாள் செண்பகவல்லி. மறுபடியும் கேட்டார்கள். மூன்று. நிறுத்தம். நாலாவது. பத்துத் தடவை, இருபது தடவை, அதேதான்.

"எல்லா கெளுத்தியும் இப்படித்தான் செய்யுமா?" என்று கேட்டான் கஸ்பார்.

"இல்ல. வேற எதுவும் இப்படி நிறுத்தாது. இதுவரைக்கும் நாப்பது மீனக் கேட்டிருக்கேன்." அவள் ரெமியைப் பார்த்தாள். "அறுபது நாள் உங்க மூச்சுக்குள்ளதான அண்ணாச்சி கெடந்துச்சு. அப்பன் இப்படித்தான் புரட்டுவான்னு நெனச்சிருக்கு. இத எழுதி அனுப்புனா எவனும் நம்ப மாட்டான்."

"முட்டைக்குக் கெடுதலா?" என்றான் ரெமி. அவனுக்கு அதுதான் பயம்.

அவள் குனிந்து பார்த்தாள். மீன் வாயை ஒரு கணம் திறந்தது. உள்ளே முட்டைகள் சுத்தமாக, பளபளவென்று, ஒரு பூஞ்சை இல்லாமல் இருந்தன. "அந்த நிறுத்தத்துலதான் எல்லாம் இடம் மாறி விழுது" என்றாள். "நான் உங்கள வேண்டாம்னு சொல்லப் பாத்தேனே."

கஸ்பார் படகின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"அந்த விஞ்ச்ச நாந்தான் போட்டேன்" என்றான். "நீ கைய ஆட்டுனத பாத்தேன். பாத்துட்டுத்தான் போட்டேன், மடி கிழிஞ்சிரும்னு. இத்தன வருசம் பாக்கலன்னு எனக்கே சொல்லிக்கிட்டிருந்தேன்."

ரெமி இரண்டு கைகளையும் தொட்டிக்குள் விட்டு மீனின் வயிற்றுக்கடியில் ஏந்தினான். "இந்தப் பக்கம் புடி" என்றான்.

கஸ்பார் வந்து பிடித்தான். முள் இருக்கிற தலைப்பக்கம். ஒடிக்காத முள். இருவரும் சேர்ந்து மீனை ஓரத்துக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் இறக்கினார்கள். அது கொஞ்ச நேரம் அவர்கள் கைகளிலேயே கிடந்தது. பிறகு மீசையைத் தாழ்த்தி, அவசரப்படாமல், வாய் நிறையப் பிள்ளைகளோடு சேற்றை நோக்கி இறங்கிப் போனது.

ரெமியின் நெஞ்சு மூன்று முறை ஏறி இறங்கியது. நின்றது.

கஸ்பார் காத்திருந்தான். நாலாவது வந்த பிறகுதான் மோட்டாரைப் போட்டான்.